பொய்யும் ‘மட்டுமே’யும்: தர்க்க வினாக்களில் ஒரு சிக்கல்

தர்க்கச் சிந்தனைப் பயிற்சிகளில் ‘கொள்கையைச் சூழலுக்குப் பொருத்துக’ என்னும் வினா வந்தால், மாணவர்கள் கொள்கையை விட்டுவிட்டு மனசாட்சியைப் பொருத்துகிறார்கள். பொய் பற்றிய வினாக்களில் இது அதிகம்.

இதைப் பாருங்கள். கொள்கை: ‘பொய் என்று தெரிந்தே, பிறரை ஏமாற்றும் நோக்கத்தோடு ஒன்றைச் சொன்னால் மட்டுமே அது தவறு.’

சூழல் 1: தேர்வு ஒன்பது மணிக்கு என்று நம்பி, தோழியிடமும் அப்படியே சொல்கிறாள் ஒருத்தி. தேர்வோ எட்டு மணிக்கு. தோழி தேர்வைத் தவறவிடுகிறாள்.

சூழல் 2: கசப்பு மருந்தை இனிப்பு என்று தெரிந்தே பொய் சொல்லிப் பாட்டியைக் குடிக்க வைக்கிறான் பேரன்.

வகுப்பில் கேட்டால், “முதல்ல சொன்னவதான் தப்பு, அவளாலதானே தேர்வு போச்சு! பேரன் நல்லதுக்குத்தானே சொன்னான்” என்பார்கள். நல்ல மனசு, ஆனால் விடை அதுவல்ல. கொள்கை விளைவைப் பற்றிப் பேசவே இல்லை. முதலாமவளுக்குப் பொய் என்று தெரியாது. ஆகவே இந்தக் கொள்கைப்படி அவள் சொன்னது தவறாகாது.

பேரன் செய்தது தவறா? இங்கேதான் வினா தயாரிப்பவர்களும் சறுக்குகிறார்கள். இரண்டு நிபந்தனைகளும் இருக்கின்றன, எனவே தவறு என்று விடைப்பட்டியலில் போட்டுவிடுகிறார்கள். ‘சொன்னால் மட்டுமே’ என்பது, நிபந்தனை இல்லாவிட்டால் தவறில்லை என்றுதான் உறுதி தருகிறது. இருந்தால் கட்டாயம் தவறு என்று சொல்லவில்லை. ‘மட்டுமே’யை எடுத்துவிட்டு, ‘சொன்னால் அது தவறு’ என்று எழுதிப் பாருங்கள். இப்போது பேரன் செய்தது தவறு. முதலாமவளைப் பற்றி எதுவும் முடிவு செய்ய முடியாது. ஒரே சொல்லில் விடை தலைகீழாகிறது. அழுத்தம் கொடுக்க அந்தச் சொல்லைச் சேர்ப்பது கட்டுரையில் சரி, தேர்வுத்தாளில் ஆபத்து. சரியாக யோசித்த மாணவர்தான் அங்கே புள்ளி இழக்கிறார்.

உடனே திருக்குறளின் வாய்மை அதிகாரத்தை நினைவூட்டும் மாணவரும் இருப்பார். 292ஆம் குறள், குற்றமற்ற நன்மை தருமானால் பொய்யும் வாய்மையின் இடத்தைப் பெறும் என்கிறது. அவரை அடக்க வேண்டாம். அந்தக் குறளையே கொள்கையாக வைத்து, அதே பேரனைப் பற்றி மறுபடி கேளுங்கள். இப்போது விளைவு முக்கியமாகிவிடுகிறது. மருந்து பாட்டிக்குக் குணம் தந்ததா என்று சூழலில் எழுதாமல் விட்டால், அந்த வினாவுக்கும் விடை கிடையாது.