புஸ்த்யாகோவின் கடைசி வருத்தம்

ரஷ்யப் பேரரசின் வைரம் பதித்த விருதுச் சின்னங்களை நகலெடுத்து விற்கும் இணையக் கடைகளை வேடிக்கை பார்ப்பது எனக்குச் சில மாதங்களாகப் பழக்கம். வாங்குகிற உத்தேசமெல்லாம் இல்லை. எதை நகலெடுக்கிறார்கள் என்பதுதான் சுவாரசியம். கல் பதித்த வரிசையில் முதலில் கண்ணில் படுவது புனித அந்திரேயா. முடிசூடிய இரட்டைத்தலைக் கழுகு, அதன்மேல் பெருக்கல் குறி மாதிரி நீல எனாமல் சிலுவை, வைரம் இருக்கவேண்டிய இடமெல்லாம் சிர்கோனியா. ஸ்தனிஸ்லாவ் மூன்றாம் வகுப்பை அந்த வரிசையில் யாரும் தேட மாட்டார்கள். விருது ஏணியில் அது அடிப்படி.

செகாவ் 1884இல் எழுதிய ‘விருது’ என்ற சின்னக் கதை இந்த ஸ்தனிஸ்லாவைப் பற்றியதுதான். புஸ்த்யாகோவ் ஒரு பள்ளி ஆசிரியர். புத்தாண்டு விருந்துக்கு ஸ்பீச்கின் என்ற வியாபாரி வீட்டுக்குப் போகவேண்டும். வியாபாரிக்கு விருதுகள் என்றால் உயிர், வீட்டில் இரண்டு பெண்கள் வேறு. நண்பன் லெதென்ட்சோவிடம் அவனுடைய ஸ்தனிஸ்லாவைக் கடன் வாங்கிக் குத்திக்கொண்டு போகிறார். (பெயர்களைப் பாருங்க: அற்பம், தீக்குச்சி, மிட்டாய். இளம் செகாவ் இந்த விஷயத்தில் அடக்கிவாசிப்பதே இல்லை.) போனால், காலியாக இருக்கிற ஒரே நாற்காலிக்கு எதிரில் அதே பள்ளியின் பிரெஞ்சு வாத்தியார் திராம்ப்லியான். அவ்வளவுதான், வலது கை நெஞ்சை மூடிக்கொள்கிறது. இடது கையால் நாலு பேர் முன்னால் சாப்பிட முடியாது. தட்டுகள் வருகின்றன, போகின்றன. கடைசியில் ஒரு கோப்பையைக் கைமாற்றிக் கொடுக்கவேண்டி வரும்போது சின்னம் வெளியே தெரிந்துவிடுகிறது. பார்த்தால், எதிரில் இருப்பவர் மார்பிலும் ஒரு சின்னம். ஸ்தனிஸ்லாவைவிட ஒரு படி மேலான அன்னா. அதுவும் அவருடையது இல்லை.

இந்தக் கதையைப் போலிகளை நையாண்டி செய்யும் கதை என்று படிப்பது சுலபம். எனக்கு அது போதவில்லை. ஏனென்றால் மாட்டிக்கொண்ட புஸ்த்யாகோவ் வெட்கப்படவே இல்லை. வயிறு காய்ந்தாலும் மனசு லேசாகி, எல்லாரிடமும் காட்டிக்கொண்டு திரிகிறார். அவருக்கு ஒரே வருத்தம், தெரிந்திருந்தால் விளாதிமிரையே மாட்டிக்கொண்டு வந்திருக்கலாமே என்பது. அந்த நாளில் விளாதிமிர் கிடைத்தால் பரம்பரைப் பிரபுப் பட்டமும் சேர்ந்து வரும். ஆசையின் அளவு கொஞ்சம் நஞ்சமில்லை.

நகல் கடைக்காரர்கள் விற்பது இந்த வருத்தத்துக்கான மருந்தை. எப்படியும் நம்முடையது இல்லை என்றான பிறகு அடிப்படியில் எதற்கு நிற்பது? நேரே அந்திரேயா, அதிலும் வைரம் பதித்தது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. வைரம் பதித்த அந்திரேயாவும் அலெக்சாந்தர் நேவ்ஸ்கியும் பேரரசரின் தனிப்பட்ட தயவுக்கு அடையாளம். சாதாரணச் சின்னத்துக்கு மேல் இன்னொரு படி. ஆனால் அந்த உரிமை உள்ளவர்களே நகைக்காரர்களிடம் கண்ணாடிக்கல் வைத்து இன்னொன்று செய்து அணிந்ததுண்டு. அதை யாரும் மோசடி என்று சொல்லவில்லை. அப்படியானால் வைரத்தில் இருந்தது என்ன? நிரலாளர் பாஷையில் சொன்னால், சின்னம் வெறும் சுட்டி; மதிப்பு அது சுட்டும் இடத்தில், அரசாணையில் இருந்தது. 1917 டிசம்பரில் அந்த இடத்தையே அழித்துவிட்டார்கள். இன்றைய நகல் எவ்வளவு நுணுக்கமாக இருந்தாலும் காலி முகவரியைத்தான் சுட்டுகிறது. அதைவிட முக்கியம், அதை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தால் எதிரில் திராம்ப்லியான் இல்லை. பயம் இல்லாத இடத்தில் புஸ்த்யாகோவின் கதையும் இல்லை, ஜோடனைதான் இருக்கிறது.

ஆனாலும் ‘விருது’ செகாவின் பெரிய கதை கிடையாது. இரண்டு பேருமே கள்ளர்கள் என்றானதும் கணக்கு நேராகிவிடுகிறது, நாம் சிரித்துவிட்டுப் புத்தகத்தை மூடிவிடலாம். 1895இல் எழுதிய ‘கழுத்தில் அன்னா’வில் அந்த வசதியை அவர் தரவில்லை. அங்கே விருது அசல், கொடுத்தவரும் அசல் மேலதிகாரி. மதெஸ்த் அலெக்ஸேயிச்சுக்கு வயது 52, மனைவி அன்னாவுக்கு 18. நடன விருந்தில் மேலதிகாரியின் கண் அவள்மேல் விழுகிறது. கொஞ்ச நாளில் கணவருக்கு இரண்டாம் வகுப்பு அன்னா, கழுத்தில் தொங்குவது. இப்போது உங்களுக்கு மூன்று அன்னா, ஒன்று சட்டையில், இரண்டு கழுத்தில் என்று மேலதிகாரி கேலி செய்கிறார். நாம் ‘தலையில் கட்டிட்டாங்க’ என்று சொல்வதை ரஷ்யர்கள் கழுத்தில் ஏற்றுவார்கள். தலைப்பின் குத்தல் அதுதான். கணவருக்கோ அது உறைக்கவே இல்லை. குட்டி விளாதிமிர் எப்போது வரும் என்று காத்திருப்பதாகப் பதில் சொல்கிறார். புஸ்த்யாகோவின் அதே வருத்தம்தான். இந்த முறை சிரிப்பு வரவில்லை.

இந்தக் கதையில் நகைகளும் உண்டு. மனைவிக்கு மோதிரம், வளையல், ப்ரூச் என்று வாங்கித் தருகிறார், கஷ்டகாலத்துக்கு ஆகுமாம். பிறகு அடிக்கடி அவளுடைய இழுப்பறையைத் திறந்து எல்லாம் பத்திரமாக இருக்கிறதா என்று பார்க்கிறார். அவள் கையிலோ காசு கிடையாது. தாயில்லாத வீட்டில் அப்பா குடிக்கிறார், இரண்டு தம்பிகள் தவிக்கிறார்கள். செகாவின் விருதுக் கதைகளில் எனக்கு மிகவும் குரூரமாகப் படுவது அந்த இழுப்பறைதான். அதில் இருப்பதெல்லாம் அசல் கற்கள்.

1899 கடைசியில் செகாவுக்கே ஸ்தனிஸ்லாவ் மூன்றாம் வகுப்பு கிடைத்தது. மெலிஹோவோ வட்டாரத்தில் பள்ளிக்கூடங்கள் கட்ட உழைத்ததற்காக. கதைகளுக்காக அல்ல.