ஏதுவும் உய்த்துணர்வும்: ரெனன்ற் வரைந்த வாவியோசை

ஒன்று நிகழ்ந்தது என்று கூறுதல் வேறு. நிகழ்ந்திருக்கலாம் என்று கூறுதல் வேறு. ஆங்கிலத்தில் ‘மே’ என்பது இயலக்கூடியதையும், ‘மஸ்ற்’ என்பது உறுதியான உய்த்துணர்வையும் குறிக்கும் என்பதைத் தமிழ் மாணவர் எளிதிற் கற்கின்றனர். ஆயின், அவ்வுய்த்துணர்வுக்கு ஏதுக் காட்டுமிடத்தே அவர் பெரிதும் இடர்ப்படுகின்றனர்.

தண்டியலங்காரம் ஏதுவைக் காரகம், ஞாபகம் என இருவகைப்படுத்தும். ஒன்றை ஆக்குவது காரகம். ஒன்றை அறிவிப்பது ஞாபகம். ‘முகத்துவாரம் வெட்டப்பட்டமையால் வாவிநீர் குறைந்தது’ என்புழி வெட்டியது காரகவேது. ‘வாவிநீர் குறைந்திருத்தலால் முகத்துவாரம் வெட்டப்பட்டிருத்தல் வேண்டும்’ என்புழி நீர்க்குறைவு ஞாபகவேது. அது மணற்றிட்டை வெட்டவில்லை, வெட்டியதை அறிவிக்கின்றது. ஆங்கிலத்தில் இரண்டிற்கும் ‘பிகோஸ்’ என்னும் ஒரு சொல்லே வருதலின் மயக்கம் விளைகின்றது. எழுத்து வழக்கில், பின்னதற்கு அச்சொல்லின் முன் காற்புள்ளி இட்டு வேறுபடுத்துதல் நன்று.

இவ்விருவகை ஏதுவையும் மயங்காது கையாண்ட உரைநடைக்கு மட்டக்களப்பு வாவியே பொருளாயிற்று. இலங்கையிற் குடியேற்றநாட்டுச் செயலாளராயிருந்த சேர் எமேர்சன் ரெனன்ற், 1848 செப்டெம்பரில் நிலவெழுந்தபின் மீனவரோடு படகேறி, கோட்டையருகே நீரடியிலிருந்தெழும் இன்னோசையைக் கேட்டனர். 1859 இல் வெளிவந்த இலங்கை பற்றிய தம் நூலில் அதனை வரைந்தனர். இன்று கல்லடிப் பாலத்தடியிற் கேட்கும் எனப் பலரும் கூறும் ஓசை இதுவே.

அப்பகுதியின் சிறப்பு, துணிபின் அளவு சான்றின் அளவைக் கடவாமையாகும். ஓசை கரையிலுள்ள பூச்சிகளுடையதன்று என்பதை அவர் ஐயமின்றி மறுக்கின்றார். கோட்டைக் கட்டடங்கள் இடைநின்று மறைக்கும் இடத்திலேயே அது மிகத் தெளிவாய்க் கேட்டது. ஓசை சிற்சில இடங்களில் மிக்கும், படகு விலகியபோது மறைந்தும், மீண்டபோது தோன்றியும் நின்றது. ஆகலின், அதனை எழுப்புவது ஓரிடத்து நிலைத்திருப்பது போலும் என்கின்றார். இஃது ஊரியே ஒலிக்கின்றது என்னும் மீனவர் கூற்றோடு பொருந்தும் என்கின்றார். இங்கே அவர் ஆள்வது ‘சீம்’ என்னும் மென்மையான வினை. ஓசையின் இடநிலை ஞாபகவேதுவாக மட்டுமே நிற்கின்றது. ஒலி எவ்வாறு பிறக்கின்றது என்னும் காரகவேது அறியப்படாததாகவே விடப்படுகின்றது.

எனினும், அவ்வேது அவர் கருதிய அளவு வலியதன்று. நிலைத்திருத்தல் ஊரிக்கே உரியதன்று. வட அமெரிக்காவின் பசிபிக் கரையோரத்துத் தேரைமீன் வகையொன்றில், ஆண்மீன் கற்களின் கீழ்க் கூடமைத்து, அங்கிருந்தே இரவில் நீண்டு முரலும் என்பது இக்காலத்தார் கண்டது. ஆகவே ஓரிடத்து நிற்கும் ஓசை மீனை விலக்கிவிடாது. ரெனன்றின் முடிபு இதனாற் தளர்கின்றது. ஆயின் அவர் வாக்கியம் பொய்யாகவில்லை. ‘போலும்’ என்ற ஒரு சொல் அதனைக் காத்தது.

‘மீன்பாடும் தேனாடு’ என்னும் பெயர் இந்நாட்டுக்கு அழகே. ஆயினும் பெயர் சான்றாகாது. ஆங்கிலக் கட்டுரை எழுதும் மாணவன் ‘மே’ என்றோ ‘மஸ்ற்’ என்றோ எழுதுமுன், தான் காட்டும் ஏது நிகழ்ச்சியை ஆக்கியதா, அன்றி அதுபற்றிய தன் எண்ணத்தை ஆக்கியதா என்று வினவுவானாக. இவ்வினா இலக்கணத்தோடு அமையாது; அறிந்ததையும் கருதியதையும் வேறாகக் கூறும் வாய்மையையும் அவனுக்குப் பயிற்றும்.