காபியில் கழுவினால் பசுமையா?

காபித்தூளில் ஃபிலிம் கழுவும் ‘காஃபினால்’ முறையைப் பற்றி எழுதுகிறவர்கள் அதை ‘இயற்கை’ என்று முத்திரை குத்திவிடுகிறார்கள். எனக்கு அதில் மூன்று சிக்கல் தெரியுது.

முதலில் பெயர். 1995இல் அமெரிக்காவின் ராச்செஸ்டர் தொழில்நுட்பக் கழகத்தில் பிறந்த இம்முறையில் காஃபினுக்கு வேலையே இல்லை. காஃபின் நீக்கிய தூளிலும் படம் வரும். வேலை செய்வது காபியிலுள்ள காஃபிக் அமிலம் போன்ற பீனால்கள். அதுவும் சலவை சோடாவின் காரம் இருந்தால்தான்.

அடுத்து அளவு. லிட்டருக்கு சோடா 54 கிராம், வைட்டமின் சி 16, காபி 40, 20 டிகிரியில் 15 நிமிடம் என்பது பரவலான சூத்திரம். நம்ம கடைத்தூள் பலவற்றில் சிக்கரி இருக்கு. சோடா படிகமாக இருந்தால் எடையில் பாதிக்குமேல் தண்ணீர்தான். கம்மாபுரம் வெயிலில் குழாய்த்தண்ணீர் 20 டிகிரிக்கு வருமா? அப்படியே காப்பியடித்தால் ஒரு ரோல் வீண்.

மூன்றாவதுதான் முக்கியம். டெவலப்பர் மாறினாலும் ஃபிக்ஸர் அதே தயோசல்ஃபேட். பயன்படுத்தியதில் வெள்ளி கரைந்திருக்கும். எக்ஸ்ரே கூடங்களில் பழைய ஃபிக்ஸரைக் காசு கொடுத்து வாங்கிப்போனது அதுக்காகத்தான்.

சமையலறைப் பொருளில் படம் வருவது அழகுதான். ஆனா ‘பசுமை’ன்னு எழுதுமுன் அந்த ஃபிக்ஸரை எங்கே ஊத்துனீங்கன்னும் எழுதுங்க.