லாரியைத் துரத்தும் ஆர்க்கெஸ்ட்ரா

1981இல் வந்த ‘ரைடர்ஸ் ஆஃப் தி லாஸ்ட் ஆர்க்’ படத்தில் பாலைவனத்து லாரித் துரத்தல் காட்சியில் வசனம் மிகக் குறைவு. இண்டியானா ஜோன்ஸ் குதிரையிலிருந்து லாரிக்குத் தாவுகிறான், கையில் குண்டு பாய்கிறது, முன்கண்ணாடியை உடைத்துக்கொண்டு வெளியே போய் விழுகிறான், ஓடும் லாரியின் அடியில் புகுந்து, பின்னால் இழுபட்டு, மறுபடி ஏறுகிறான். இதற்கு ஜான் வில்லியம்ஸ் எழுதி லண்டன் சிம்ஃபனி ஆர்க்கெஸ்ட்ரா வாசித்த இசை, சண்டைக்காட்சிப் பின்னணி இசைக்கே இலக்கணம் என்பேன்.

காரணம் அதன் சிக்கனம். எல்லோருக்கும் தெரிந்த அந்த நாயக மெட்டை வில்லியம்ஸ் இங்கே சுலபத்தில் முழுசாகத் தருவதில்லை. அவன் கை ஓங்கும்போது டிரம்பெட்டுகள் மெட்டின் ஒரு துண்டை எடுக்கின்றன. அடி விழுந்ததும் அது பாதியில் நின்றுவிடுகிறது. அடியில் தாழ்ந்த சுருதித் தந்திகளும் பித்தளை வாத்தியங்களும் எதிரியின் கனத்த தாளத்தை விடாமல் பிடித்திருக்கின்றன. யார் முந்துகிறார், யார் சறுக்குகிறார் என்பது காதுக்கே தெரிந்துவிடுகிறது. இதைப் படமில்லாமல் இசைத்தட்டில் மட்டும் கேட்டாலும் அலுப்பதில்லை. மாற்றங்கள் இசைக்குள்ளேயே இருப்பதால் அதுவே ஒரு கதையாக நிற்கிறது. சத்தத்துக்காக மட்டும் நாம் இந்த இசையைத் தேடிப் போவதில்லை. ஒன்று மாறிக்கொண்டே இருக்கிறது, அதைப் பின்தொடர முடிகிறது என்ற இன்பம்தான் நம்மை இழுக்கிறது.

அடுத்த ஈர்ப்பு உடல் சார்ந்தது. ‘கோனன் தி பார்பேரியன்’ (1982) தொடக்கத்தில் பாசில் போலிடூரிஸ் இருபத்துநான்கு பிரெஞ்சு ஹார்ன்களை ஒன்றாக ஊதவைத்தார், கீழே முரசுகள். இத்தனை பேரின் மூச்சு சேர்ந்து வரும்போது நெஞ்சுக்கூடே அதிர்கிறது. இயக்குநர் ஜான் மிலியஸ் இந்தப் படத்தை ஓர் ஓபராவைப் போல நினைத்தவர். வசனம் சொல்ல வேண்டியதை நீண்ட பகுதிகளுக்கு இசையே சொல்கிறது.

ஆனால் எனக்கு உறுத்துவதும் இதே படத்தில்தான் இருக்கிறது. கொள்ளைக்காரர்கள் குதிரைகளில் வந்து சிறுவன் கோனனின் கிராமத்தைச் சூறையாடுகிறார்கள். அவன் தந்தை மேல் வேட்டைநாய்கள் பாய்கின்றன. அப்போது ஒலிப்பது பிரமாண்டமான சேர்ந்திசை. அதைக் கேட்கும் என் ரத்தம் துள்ளுகிறது. துள்ளுவது கொலைகாரர்களின் குதிரை வேகத்துக்கு! சற்று நேரத்தில் தாயின் மரணம் நெருங்குகையில் இசை அடங்கி, துக்கத்துக்கு இடம் விடுகிறது. போலிடூரிஸ் தெரிந்தேதான் செய்திருக்கிறார். ஆனாலும் பெரிய ஆர்க்கெஸ்ட்ராவுக்கு இந்த ஆபத்து எப்போதும் உண்டு. வாளைப் பிடித்திருப்பவன் யாராக இருந்தாலும் அவனை அது உயர்த்திவிடும். வன்முறையின் வலியைக் காட்ட வேண்டிய இடத்தில் அதன் கம்பீரத்தைக் காட்டிவிடும். இந்தக் கலையை நேசிப்பவர்கள் இதைப் பற்றி அதிகம் பேசுவதில்லை; பேச வேண்டும்.

அதே ஆண்டின் ‘ஃபர்ஸ்ட் பிளட்’ படத்தில் ஜெரி கோல்ட்ஸ்மித் இதற்கு ஒரு விடை வைத்திருக்கிறார். நாயகன் ராம்போ வீரன் என்பதற்கு முன்னால், அவன் போரிலிருந்து வந்த தனியாள் என்பதை ஒற்றை டிரம்பெட்டின் மெட்டு நமக்குச் சொல்லிவிடுகிறது. பிறகு துப்பாக்கிகள் முழங்கும்போதும் அந்தத் தனிமை மறப்பதில்லை.

இன்னொரு குறை தொழில் சார்ந்தது. படத்தொகுப்பின்போது வேறு படத்தின் இசையைத் தற்காலிகமாகப் போட்டுப் பார்ப்பார்கள். அதற்குப் பெயர் டெம்ப் டிராக். மாதக்கணக்கில் கேட்டுப் பழகிய இயக்குநர் அதே போல வேண்டும் என்கிறார். இசையமைப்பாளருக்கு நகல் எடுப்பதைத் தவிர வழி இல்லாமல் போகிறது. டைலர் பேட்ஸ் இசையமைத்த ‘300’ பட இசையின் சில பகுதிகள் எலியட் கோல்டன்தாலின் ‘டைட்டஸ்’ (1999) இசையிலிருந்து வந்தவை என்று வார்னர் பிரதர்ஸ் நிறுவனமே பின்னர் ஒப்புக்கொண்டது.

இன்றைய அதிரடிப் படங்களின் ஒரே மாதிரியான தடதடப்புக்கு இசையமைப்பாளர் ஹான்ஸ் ஸிம்மரைக் குற்றம் சாட்டுவது வழக்கமாகிவிட்டது. எனக்கு அது நியாயமாகப் படவில்லை. ‘தி டார்க் நைட்’ (2008) படத்தில் ஜோக்கருக்கு அவர் கொடுத்தது மெட்டே அல்ல. இழுபட்டு இழுபட்டு உயரும் ஒரு ஸ்வரம். ‘இன்செப்ஷன்’ படத்தின் புகழ்பெற்ற பித்தளை முழக்கத்துக்கு வேர், கதைக்குள்ளேயே ஒலிக்கும் எடித் பியாஃப் பாடலை வேகம் குறைத்துக் கேட்டதில் இருக்கிறது. இரண்டுக்கும் கதையில் காரணம் உண்டு. காரணத்தை விட்டுவிட்டு முழக்கத்தை மட்டும் எடுத்துக்கொண்டவர்கள்தான் பிழை செய்தார்கள். இரண்டு ஸ்வரங்களைத் திரும்பத் திரும்ப அறுக்கும் வயலின்கள், மேலே முரசு: எந்தக் காட்சிக்கும் பொருந்தும் இசை அது, ஆகவே எந்தக் காட்சிக்கும் சொந்தமில்லை. போதாததற்கு வெடிச்சத்தமும் எஞ்சின் உறுமலும் அதோடு போட்டி போடுகின்றன. ஒலிக்கலவையில் தோற்பது பெரும்பாலும் இசைதான்.

அடுத்த அதிரடிப் படம் பார்க்கும்போது ஒன்றை மட்டும் கவனியுங்கள்: நாயகன் அடி வாங்கும்போது இசை மாறுகிறதா? மாறவில்லை என்றால், எத்தனை வயலின் வாசித்தாலும் அங்கே இசையமைப்பு நடக்கவில்லை.