பறிகொடுத்தவர் பக்கம்

மோசடியில் சிக்கியவருக்கு இழப்பு இரண்டு. பணம் போனது ஒன்று, "இதுகூடத் தெரியாமலா ஏமாந்தீர்கள்?" என்று ஊர் கேட்பது மற்றொன்று. போன பணம் போலீஸ், கோர்ட் என்று அலைந்தால் சில வேளை திரும்பும். போன மானத்துக்குப் புகார் மனுவில் இடமே இல்லை. ஏய்ப்பவனைத் தனிமனிதர் தண்டிக்கும் ஆங்கிலக் குற்ற நாவல்களை நான் மதிப்பது இந்த இரண்டாவது இழப்பைக் கொண்டுதான்.

இம்மரபில் மூன்று வழிகளைக் காணலாம்.

முதலாவது, தீர்த்துக்கட்டும் வழி. எட்கர் வாலஸின் 'தி ஃபோர் ஜஸ்ட் மென்' (1905) நாவலில், சட்டத்துக்கு எட்டாதவர்களுக்கு ஒரு சிறு குழுவே மரண தண்டனை விதிக்கிறது. விறுவிறுப்புக்குக் குறைவில்லை. ஆனால் தண்டிப்பவர்களின் சாமர்த்தியம் மனதில் நிற்கும் அளவுக்குப் பாதிக்கப்பட்டவர் முகம் நிற்பதில்லை.

இரண்டாவது, மீட்கும் வழி. ஜான் டி. மெக்டொனால்டு 1964இல் அறிமுகப்படுத்திய டிராவிஸ் மெகீ, பறிபோன பொருளை மீட்டுத் தந்து பாதியைக் கூலியாக எடுத்துக்கொள்வார். ஜெஃப்ரி ஆர்ச்சரின் 'நாட் எ பென்னி மோர், நாட் எ பென்னி லெஸ்' (1976) இன்னும் கறார். எண்ணெய்க் கம்பெனிப் பங்குகளில் பத்து லட்சம் டாலரைத் தொலைத்த நால்வர், அதை மட்டுமே திரும்ப எடுக்கிறார்கள். ஆன செலவையும் கணக்கெழுதி ஏய்த்தவன் தலையில் கட்டுகிறார்கள். முதலீடு ஒன்றில் பெரும்பணம் இழந்து எம்.பி. பதவியையும் விட்டவர் எழுதிய முதல் நாவல் அது. அந்தக் கணக்கில் பட்டவரின் கை தெரிகிறது.

மூன்றாவது, அவல நகைச்சுவை வழி. 'மயாமி ஹெரால்டு' பத்திரிகையாளராக இருந்த கார்ல் ஹையாசன் இதில் முதன்மையானவர். 1992 ஆகஸ்டில் ஆண்ட்ரூ புயல் சிதைத்த தெற்கு புளோரிடாதான் அவருடைய 'ஸ்டார்மி வெதர்' (1995) நாவலின் களம். கூரை போடுவதாக முன்பணம் வாங்கி ஏய்ப்பவர்களும் இன்ஷூரன்ஸ் பணத்துக்கு வலை விரிப்பவர்களும் இடிபாடுகளில் மொய்க்கிறார்கள். காட்டில் வாழும் முன்னாள் கவர்னர் ஸ்கிங்க், தேனிலவுக்கு வந்த இடத்தில் பிறர் துயரத்தை வீடியோ எடுத்துத் திரியும் ஒருவனைக் கடத்திப்போய், நாய்களைப் பழக்கும் மின்அதிர்ச்சிப் பட்டையை அவன் கழுத்தில் மாட்டுகிறார். வாய்விட்டுச் சிரிக்கிறோம். பிறரை வேடிக்கைப் பொருளாகப் பார்த்தவனே வேடிக்கைப் பொருளாகிறான் என்பதும் உறைக்கிறது.

நல்ல நாவலுக்கு இங்கே இரண்டு அளவுகோல்கள் கிடைக்கின்றன. தண்டனை அந்தத் தப்பிலிருந்தே முளைக்க வேண்டும். வெறும் வதையாக நிற்கக் கூடாது. சிரிப்பு ஏய்த்தவன் மேல் விழ வேண்டும். ஏமாந்தவர் மேல் அல்ல.

இரண்டாவது அளவுகோல் கடினமானது. டொனால்டு வெஸ்ட்லேக்கின் 'காட் சேவ் த மார்க்' (1967) அதைக் கதையின் நடுவிலேயே வைத்துப் பார்க்கிறது. யார் எதைச் சொன்னாலும் நம்பி, திரும்பத் திரும்ப ஏமாறும் ஃப்ரெட் ஃபிட்ச்தான் அதன் நாயகன். கதையைச் சொல்பவனும் அவனே. ஏமாந்தவன் வாயாலேயே கேட்கும்போது நாம் அவன் அருகில் உட்கார்ந்து சிரிக்கிறோம். எட்கர் விருது பெற்ற நாவல் அது.

பணத்தைப் பறிகொடுத்து, வீட்டாரிடம்கூடச் சொல்லக் கூசி நிற்கும் ஒருவரிடம் இந்த நாவலைத் தயங்காமல் நீட்டலாம். மற்ற நாவல்களையும் நான் உரசிப் பார்க்கும் கல் அதுதான்.