பத்து உறுப்பும் ஒரு கேடயமும்: பேராக் தோட்டக் குடும்பங்களின் சின்னம் குறித்த ஒரு திறனாய்வு

முன்னுரை

ஒரு குடும்பம் தனக்கெனச் சின்னம் ஒன்றை வரைந்துகொள்ள விரும்பினால் அதில் எதைப் பொறிப்பது என்னும் வினா, மேலோட்டமாகப் பார்ப்பவருக்கு ஓவியரின் வினாவாகத் தோன்றலாம். ஆயின், அது இலக்கிய மரபு சார்ந்த வினாவுமாகும். பேராக் மாநிலத்து ரப்பர்த் தோட்டங்களில் வாழ்ந்து, தோட்டங்கள் கைமாறியபின் ஈப்போவிற்கும் அதன் சுற்றுவட்டார நகரங்களுக்கும் குடிபெயர்ந்த தமிழ்க் குடும்பங்களின் பிற்காலத் தலைமுறையினர் சிலர், குடும்ப ஒன்றுகூடல் மலர்களிலும் திருமண அழைப்பிதழ்களிலும் இத்தகைய சின்னங்களை அச்சிட்டு வருகின்றனர். ஐரோப்பிய இடைக்காலப் பாணியிலான கேடயம் ஒன்று. அதனுள் பாயும் புலி. சிலவற்றில் மீனும் வில்லும் உடன் இடம்பெறுகின்றன. இச்சின்னங்கள் தமிழ் மரபைச் சரியாகப் படித்ததன் விளைவா என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தசாங்கம்: தமிழில் சின்னத்தின் இலக்கணம்

ஐரோப்பியர் கேடயத்தில் வரைந்ததைத் தமிழர் செய்யுளில் வரைந்தனர் எனலாம். தொல்காப்பிய மரபியல் படை, கொடி, குடை, முரசு, குதிரை, களிறு, தேர், தார், முடி முதலியவற்றைச் செங்கோல் அரசர்க்கு உரியனவாகத் தொகுத்துரைக்கிறது. பிற்காலப் பாட்டியல் நூல்கள் இம்மரபை வளர்த்து, மலை, ஆறு, நாடு, ஊர், தார், குதிரை, களிறு, கொடி, முரசு, செங்கோல் ஆகிய பத்தையும் தசாங்கம் என வகுத்தன. இவ்வுறுப்புகளை நேரிசை வெண்பாவால் பாடும் சிற்றிலக்கியம் சின்னப்பூ எனப் பெயர் பெற்றது.

இப்பட்டியலில் உற்றுநோக்கத்தக்கது ஒன்றுண்டு. பத்து உறுப்புகளுள் மலை, ஆறு, நாடு, ஊர் ஆகிய நான்கும் நிலம் சார்ந்தவை. குலமோ, முன்னோர் வரிசையோ, குருதியுறவோ தனி உறுப்பாக இடம்பெறவில்லை. பாட்டுடைத் தலைவனை அடையாளங்காட்ட அவன் எங்கிருக்கிறான், எதைக் கையாள்கிறான், எந்த ஓசையால் அறியப்படுகிறான் என்பனவே போதும் என்று மரபு கருதியிருக்கிறது.

அரசனுக்குரிய இவ்வமைப்பு அரசனோடு நின்றுவிடவில்லை. மாணிக்கவாசகர் திருவாசகத்தில் பாடிய திருத்தசாங்கம் அதனை இறைவனுக்கு ஆக்கியது. கிளியை நோக்கிப் பெயர், நாடு, ஊர், ஆறு, மலை, ஊர்தி, படை, முரசு, தார், கொடி எனப் பத்தையும் வினவும் முறையில் அது அமைந்துள்ளது. அங்கு ஊராக உத்தரகோசமங்கை நிற்கிறது. ஆறாக ஆனந்தமே ஓடுகிறது. முரசாக நாதம் ஒலிக்கிறது. கொடியில் ஏறு விளங்குகிறது. இருபதாம் நூற்றாண்டில் பாரதியார் பாரத தேவியின் திருத்தசாங்கத்தில் அதே அமைப்பை நாட்டிற்கு ஆக்கினார்.

இவ்விரு மாற்றங்களிலும் பொதுவானதொரு நெறி புலப்படுகிறது. இருவரும் அரசனிடமிருந்து பெற்றது சட்டகத்தை மட்டுமே. உள்ளடக்கத்தைத் தத்தம் பொருளிலிருந்து நிரப்பினர். சோழனின் புலியையோ பாண்டியனின் கயலையோ மாணிக்கவாசகர் இறைவனின் கொடியில் ஏற்றவில்லை. இன்றைய குடும்பச் சின்னங்கள் இதற்கு நேர்மாறாக, அரசனின் உள்ளடக்கத்தை எடுத்துக்கொண்டு சட்டகத்தைக் கைவிடுகின்றன. இதுவே இக்கட்டுரை சுட்டும் முதன்மைக் குறையாகும்.

புலியும் கயலும் வில்லும் ஒன்றாக நிற்கும் இடம்

மூவேந்தர் சின்னங்களை ஒரே கேடயத்தில் அமைப்போர் அதனைத் தமிழர் ஒற்றுமையின் அடையாளமாகக் கருதுகின்றனர். ஆயின், இம்மூன்றும் ஒருங்கே காணப்படும் புகழ்பெற்ற இடம் சோழர் செப்பேட்டு முத்திரையே. முதலாம் இராசேந்திரனின் திருவாலங்காட்டுச் செப்பேட்டு முத்திரையில் புலியும் இரு மீன்களும் வில்லும் குடை, சாமரங்களோடு பொறிக்கப்பட்டுள்ளன. புலிக்குரியவனின் ஆணையின்கீழ்ப் பாண்டியரும் சேரரும் அடங்கினர் என்னும் வெற்றி அறிவிப்பு அது. ஐரோப்பாவிலும் இதற்கு இணை உண்டு. இங்கிலாந்து மன்னர் மூன்றாம் எட்வர்ட் 1340ஆம் ஆண்டில் பிரெஞ்சு அரியணைக்கு உரிமை கோரியபோது, பிரெஞ்சு மன்னரின் அல்லிமலர்ச் சின்னத்தைத் தம் சிங்கங்களோடு ஒரே கேடயத்தில் இணைத்துக்கொண்டார். அதனை இரு நாடுகளின் நட்பாக எவரும் படிப்பதில்லை. எனவே, மூன்று சின்னங்களையும் இணைத்து ஒற்றுமை பேசுவது மூலத்தின் பொருளுக்கு மாறான வாசிப்பாகும்.

இதில் மற்றுமோர் இடரும் உள்ளது. அரச மரபைக் குடும்பச் சின்னமாக்கும்போது அரச வழித்தோன்றல் என்னும் உரிமைக்கோரல் உடன் நுழைகிறது. அது விரைவில் சாதிப் பெருமிதத்தின் மற்றொரு வடிவமாகிவிடும். ஒரே லயத்தில் அடுத்தடுத்த வீடுகளில் வாழ்ந்து, ஒரே பெரட்டில் நின்ற குடும்பங்களைக் கேடயங்கள் பிரிக்குமாயின் அச்சின்னம் வரலாற்றுக்கும் நேர்மையானதன்று.

ஐரோப்பிய மரபு உண்மையில் கூறுவது

கேடயச் சின்னம் மேலைநாட்டு உயர்குடியினர்க்கே உரியது என்னும் எண்ணமும் திருத்தத்திற்குரியது. பதினான்காம் நூற்றாண்டு இத்தாலியச் சட்ட அறிஞர் பார்த்தோலுஸ் (மறைவு 1357), பிறர் சின்னத்திற்கு ஊறு நேராதவரை எவரும் தமக்கெனச் சின்னம் ஏற்கலாம் என்னும் கருத்தைத் தம் நூலில் முன்வைத்தார். செருமானிய, சுவிட்சர்லாந்து நிலப்பகுதிகளில் நகர வணிகரும் கைவினைஞரும் உழவரும்கூடச் சின்னம் கொண்டிருந்தனர். தொழிற்குழுக்கள் தத்தம் கருவிகளையே கேடயத்தில் பொறித்தன. இங்கிலாந்தில் சின்னங்களை முறைப்படுத்தும் கல்லூரி 1484ஆம் ஆண்டில்தான் மூன்றாம் ரிச்சர்ட் மன்னரின் பட்டயம் பெற்றது.

இம்மரபின் இரு விதிகள் தமிழாசிரியர்களின் கவனத்திற்குரியவை. ஒன்று, வண்ண விதி. பொன்னும் வெள்ளியும் உலோகங்கள். சிவப்பு, நீலம், கருமை, பச்சை, ஊதா ஆகியவை நிறங்கள். நிறத்தின்மேல் நிறமும் உலோகத்தின்மேல் உலோகமும் வருதல் கூடாது. தொலைவிலிருந்தும் சின்னம் துலங்குவதற்கு இவ்விதி துணைசெய்கிறது. மற்றொன்று, சின்னத்தின் மூலவடிவம் படமன்று, சொல். ‘பிளேசன்’ எனப்படும் சுருங்கிய உரைவடிவமே ஆதாரம். அதைக்கொண்டு எந்த ஓவியரும் தம் கைத்திறனுக்கேற்ப வரையலாம். அவ்வகையில் பிளேசன் தசாங்க வெண்பாவிற்கு நெருங்கிய உறவாகிறது. தொடக்ககாலக் கேடயங்கள் இரண்டு மூன்று உருக்களோடு எளிமையாக விளங்கியதும் நினைவிற்கொள்ளத்தக்கது. இன்றைய அழைப்பிதழ்க் கேடயங்களில் காணும் நெருக்கம் அப்பாணிக்குரியதன்று.

பேராக் நிலத்தில் பத்து உறுப்பு

இனி, சட்டகத்தை மட்டும் கடன்பெற்றுத் தோட்டக் குடும்பம் ஒன்றிற்குத் தசாங்கம் அமைப்பின் அது எவ்வாறு இருக்கும் என்பதைக் காண்போம். திருவாசக வரிசையையே கொள்ளலாம். முதலுறுப்பாகிய பெயர், அக்குடும்பத்தின் பெயரே. நாடு பேராக். ஆறு கிந்தா. மலை மாநிலத்தின் மிக உயர்ந்த சிகரமாகிய கொர்பு. ஊர்தி மிதிவண்டி. படை பால்வெட்டுக் கத்தி. முரசு விடியுமுன் பெரட்டுக்கு அழைத்த மணி. தாராக ரப்பர் மரத்தின் மூவிலை பொருந்தும். கொடியில் ஏறுவது எதுவெனக் கேடயம் கூறும்.

கேடயத்திற்குரிய உருவைத் தேடி நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. பால்வெட்டும் கோடு, வெட்டுபவரின் பார்வையில் இடப்புறம் உயர்ந்து வலப்புறம் தாழ்ந்து சரிகிறது. மரப்பட்டையிலுள்ள பாற்குழாய்கள் வலப்புறமாகச் சற்றே சாய்ந்து மேலேறுவதால், இவ்வாறு வெட்டும்போது மிகுதியான குழாய்கள் திறக்கின்றன. கேடயக் கலையின் அடிப்படை உருக்களுள் ஒன்றான சாய்பட்டையும் பார்ப்பவரின் இடப்புற மேல்மூலையிலிருந்து வலப்புறக் கீழ்மூலைக்கே இறங்குகிறது. தோட்டத் தொழிலாளர் நாள்தோறும் மரத்தில் வரைந்த கோடும் ஐரோப்பிய வீரர் கேடயத்தில் தாங்கிய கோடும் ஒரே திசையில் அமைந்துள்ளன. ஆகவே, பின்வரும் சொல்வடிவத்தை முன்மொழியலாம்: பச்சைக் களத்தில் வெள்ளிச் சாய்பட்டை, அதன் இருபுறமும் பொன்னிற மூவிலை ஒவ்வொன்று, தலைக்கவசத்தின்மேல் முடியணியாக எரியும் விளக்கு. இருளில் நெற்றிவிளக்கோடு நிரைக்குச் சென்றவர்க்கு இம்முடியணி பொருந்தும். வண்ண விதியும் இதில் வழுவவில்லை.

ஊர் என்னும் உறுப்பை ஈண்டு வேண்டுமென்றே தவிர்த்தோம். தோட்டம் துண்டாடப்பட்டு விற்கப்பட்டபின், செம்பனையாகவோ வீடமைப்புப் பகுதியாகவோ மாறியபின், தொழிலாளர் வழங்கிய தமிழ்ப்பெயர் வரைபடத்தில் இடம்பெறுவதில்லை. தோட்டத் துண்டாடலுக்கு எதிராகத் தொழிலாளரின் பங்குப்பணத்தைத் திரட்டித் தோட்டங்களை வாங்கவே, சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். அம்முயற்சி எட்டாத தோட்டங்களும் பல. அவற்றிலிருந்து வந்த குடும்பங்களின் தசாங்கத்தில் ஊர் என்னும் இடம் வெறுமையாகவே உள்ளது. அவ்விடத்தில் தோட்டத்தின் வழக்குப்பெயரை எழுதிவைப்பதே குடும்பச் சின்னம் ஆற்றக்கூடிய தலையாய பணி என்பது எம் கருத்து. புலி அவ்வெறுமையை மறைக்கிறது.

ஒரு மறுப்பு

உழைப்புச் சுரண்டலின் கருவியைப் பெருமைச் சின்னமாக்கலாமா என வினவுவோர் உளர். இம்மறுப்பில் நியாயம் உண்டு. பத்துகாஜாவை அடுத்த கெல்லி கோட்டையின் அருகிலுள்ள மாரியம்மன் கோயில் கூரையில், தெய்வ உருவங்களோடு தோட்ட உரிமையாளர் வில்லியம் கெல்லி சுமித்தின் உருவமும் ஐரோப்பிய உடையில் நிற்கிறது. துரைக்குச் சிற்ப மரபில் இடம் கிடைத்திருக்கிறது. அவர்தம் தோட்டத்தில் பால்வெட்டியவர்க்கு அத்தகைய உருவம் அமையவில்லை. சாய்பட்டை ஒரு மரத்தின் காயம் என்பதும் உண்மையே. ஆயினும், சின்னம் என்பது புகழ்ச்சி மட்டுமன்று, சான்றுமாகும். காயத்தை மறைத்து அரசவேடம் பூணுவதைவிட அதனை வெள்ளியால் எழுதுவது நேர்மையானது.

முடிவுரை

தசாங்கம் அரசனிடமிருந்து இறைவனுக்கும் இறைவனிடமிருந்து நாட்டிற்கும் கைமாறிய அமைப்பு. அது குடும்பத்திற்கும் இடங்கொடுக்கும். ஒவ்வொரு முறையும் உறுப்புகளைப் புதிதாக நிரப்பியோரே மரபைக் காத்தனர். இடைநிலைப்பள்ளிகளிலும் பல்கலைக்கழகத்திலும் சிற்றிலக்கியம் கற்பிக்கும் ஆசிரியர்கள், சின்னப்பூவின் இலக்கணத்தை மனப்பாடத்திற்குரிய பட்டியலாக விடாமல், மாணவர் தத்தம் பாட்டி, பாட்டனாரிடம் சென்று பத்து வினாக்களையும் கேட்டுவரும் பயிற்சியாக மாற்றலாம். அவற்றுள் ஊர் எது என்னும் வினாவிற்கு விடை கூறக்கூடியோர் நம்மிடையே குறைந்து வருகின்றனர்.