ஃபிரீபிஎஸ்டியில் ஓடிய இரவல் ஃபிளாஷ்

அடோபி நிறுவனம் ஃபிரீபிஎஸ்டி இயங்குதளத்துக்கென்று ஃபிளாஷ் பிளேயரைக் கடைசிவரை வெளியிடவில்லை. ஆனாலும் அதன் பயனர்கள் ஆண்டுக்கணக்கில் உலாவியில் ஃபிளாஷ் வீடியோ பார்த்தார்கள். லினக்ஸுக்காகத் தொகுக்கப்பட்ட பிளகினை அப்படியே இரவல் வாங்கி ஓட்டினார்கள்.

அதற்கு வழிவிட்டது ஃபிரீபிஎஸ்டி கெர்னலில் உள்ள ‘லினக்ஸுலேட்டர்’. பெயர் அப்படி இருந்தாலும் அது எமுலேட்டர் அல்ல. லினக்ஸ் நிரல் விடுக்கும் சிஸ்டம் கால்களை ஃபிரீபிஎஸ்டி கெர்னலே ஏற்று முடித்துக் கொடுக்கிறது. ஆகவே வேகம் பெரிதாகக் குறைவதில்லை. வேண்டிய லைப்ரரிகளை ஃபெடோராவிலிருந்தும் பிறகு சென்ட்ஓஎஸ்ஸிலிருந்தும் எடுத்துத் தனிக் கோப்புறையில் வைத்தார்கள். சிக்கல் உலாவியில்தான். அது ஃபிரீபிஎஸ்டியின் சொந்த நிரல்; பிளகினோ லினக்ஸ் நிரல். இரண்டும் ஒரே புராசஸில் சேர்ந்து ஓடாது. என்எஸ்பிளகின்ராப்பர் என்ற மென்பொருள் பிளகினைத் தனிப் புராசஸில் ஓட்டி, நடுவே தூது போனது. ஃபிளாஷ் முடங்கினாலும் உலாவி பிழைத்துக்கொண்டது அதில் கிடைத்த உபரி லாபம்.

இரவல் கிடைத்ததால்தான் சொந்தப் பதிப்பு வரவில்லை என்று சிலர் குறை சொல்வதுண்டு. எனக்கு அது சரியாகப் படவில்லை. லினக்ஸுக்கே 64 பிட் ஃபிளாஷ் முறையாக வந்தது 2011-இல்தான்; அதற்கு முந்தைய சோதனைப் பதிப்பை 2010-இல் அடோபி இடையில் நிறுத்தியும் வைத்தது. அதைவிடச் சிறிய கூட்டத்துக்கு அந்நிறுவனம் இரங்கியிருக்குமா?

உண்மையான குறை வேறு. 2012-இல் அடோபி, லினக்ஸுக்கான பழைய வகைப் பிளகினை 11.2 பதிப்போடு நிறுத்தி, இனி அதற்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டுமே என்றது. லினக்ஸ்காரர்களுக்குப் புதிய ஃபிளாஷோடு வந்த குரோம் இருந்தது; இரவல் வாங்கியவர்களுக்குப் போக்கிடம் இல்லை. மூல நிரல் கையில் இல்லாததால் ஓட்டைகளைத் தாமே அடைக்கவும் வழியில்லை. பாதுகாப்பையே பெரிதாக மதிக்கும் சக இயங்குதளமான ஓபன்பிஎஸ்டி, 2016-இல் 6.0 பதிப்பில் தன் லினக்ஸ் ஒத்திசைவு அடுக்கையே நீக்கியது. வசதி போனது, ஆனால் அவர்கள் கொள்கைக்கு அது பொருந்திய முடிவு.

ஜாவாவின் கதையைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரு காலத்தில் ஃபிரீபிஎஸ்டி அறக்கட்டளை, சன் நிறுவனத்திடம் உரிமம் பெற்றே ஜாவா பைனரிகளை வழங்க முடிந்தது. ஓபன்ஜேடிகே வந்தபின் அந்தத் தயவு தேவைப்படவில்லை. இன்று அது மற்றெந்தத் தொகுப்பையும்போல நிறுவிக்கொள்ளக் கிடைக்கிறது.

ஃபிளாஷ் 2020 டிசம்பர் 31-உடன் முடிந்தது, இரவல் வாங்கும் பழக்கம் முடியவில்லை. படங்களை நகலெடுக்க விடாமல் பூட்டும் கூகுளின் வைடுவைன் மென்பொருள் ஃபிரீபிஎஸ்டிக்கு நேரடியாகக் கிடைக்காததால், கட்டணப் படத் தளங்களுக்காக லினக்ஸ் குரோமை மீண்டும் அதே லினக்ஸுலேட்டரில் ஓட்டுகிறார்கள். மாலையில் ஒரு படம் பார்க்க அது போதும். அலுவலக வேலையையோ பாடப் பொருள்களையோ அதை நம்பி ஒப்படைக்கக் கூடாது. மாறாக, பழைய ஃபிளாஷ் கோப்புகளை இன்று பிளகினே இல்லாமல் உலாவியில் திறப்பது ரஃபிள் என்ற திறமூல மென்பொருள். நேரமும் திறமையும் உள்ளவர்கள் இத்தகைய மென்பொருளுக்குக் கைகொடுங்கள்.